கரண்டு, கேஸ், ஒரு நாற்பது பக்க நோட்டு

மே மாசம் முதல் வாரம் ரீடிங் எடுக்க வந்த தம்பி அட்டையில் எழுதிவிட்டு, "இந்தத் தடவ ஐந்நூறத் தாண்டிருச்சுங்ணா" என்று சொன்னான். நான் கட்டுத்தரையில் மாட்டுக்குத் தட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். "செரி தம்பி" என்று அனுப்பிவிட்டேன். சாயங்காலம் கண்ணாடி போட்டு அட்டையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. 530 யூனிட். 2,190 ரூபாய். அதுக்கு முந்தின ரெண்டு மாசத்துக்கு 340 யூனிட், 855 ரூபாய்தான் வந்திருந்தது. இது 2023-ல் நடந்தது.

யூனிட் ஏறினது ஒண்ணரை மடங்கு, பணம் ஏறினது ரெண்டரை மடங்கு. இதென்ன கணக்கு என்று பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். 2022 செப்டம்பரில் ஏத்தின ரேட்டுப்படி, ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 சும்மா. அடுத்த 100-க்கு யூனிட் ரெண்டேகால் ரூபாய். அதுக்கு மேல் 200-க்கு நாலரை, கடைசி 100-க்கு 6 ரூபாய். மொத்தம் 1,725. ஐந்நூத்தி ஒண்ணு ஆச்சு என்றால் கதையே வேற. அந்த ரெண்டேகால் ரூபா ரேட்டு காணாமல் போய்விடும். சும்மா கிடைக்கிற நூறு போக மீதி எல்லாம் நாலரையில்தான் ஆரம்பிக்கும். ஐந்நூறுக்கு மேல் அறுநூறு வரைக்கும் ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய். ஆக எங்களுக்குக் கூடப் போன 30 யூனிட்டுக்கு மட்டும் 465 ரூபாய். சொசைட்டியில் பசும்பால் லிட்டருக்கு 35 ரூபாய் கிடைச்ச நேரம் அது. பதிமூணு லிட்டர் பாலை வாசலில் கொட்டின மாதிரி.

நம்ம மாதிரி விவசாயம் பண்ணுகிறவனுக்கு கரண்டைக் கணக்குப் பார்க்கிற பழக்கமே கிடையாது. தோட்டத்துக் கிணத்து மோட்டாருக்கு இலவசம். 1984-ல் எம்.ஜி.ஆர். சிறு விவசாயிகளுக்குக் கொடுத்தார், 1989-ல் கலைஞர் ஆட்சிக்கு வந்தப்புறம் எல்லா விவசாயிகளுக்கும் வந்தது. நான் மண்வெட்டி பிடிக்கப் பழகின காலத்தில் இருந்தே மோட்டார் ஓடினால் தண்ணி வருதா என்றுதான் பார்ப்பேன், எவ்வளவு யூனிட் என்று பார்த்ததில்லை. வீட்டு லைன் தனி, அதுக்குத்தான் மீட்டர். ஒறம்பரையில் ஒருத்தர், "தோட்டத்து லைன்ல இருந்து ஒரு வயரை இழுத்துட்டா முடிஞ்சுது" என்று யோசனை சொன்னார். அது சட்டப்படி தப்பு. மாட்டினால் தோட்டத்து சர்வீசுக்கே வேட்டு. அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன்.

கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். தினம் காலையில் பால் கறக்கப் போகிறதுக்கு முந்தி மீட்டரைப் பார்த்து எழுதுவேன், ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு தடவை. நாலே நாளில் ஒண்ணு தெரிந்தது. ராத்திரி ரெண்டரை யூனிட்தான் போகுது, பகலில் ஆறுக்கு மேல் போகுது. ராத்திரிதான் மூணு ஃபேனும் ஓடுது, பகலில் ஆளே பாதி நேரம் வீட்டில் இல்லை. அப்புறம் யார் தின்கிறது?

எங்கள் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும், பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே 3200 என்று போட்டிருக்கும். அந்த விளக்கு 3,200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். சில மீட்டரில் 1600 இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டில் எல்லாத்தையும் அணைத்துவிட்டு, ஒவ்வொண்ணாகப் போட்டு, செல்போனில் நிமிசம் பார்த்து எண்ணினேன். ஒரு பழைய ஃபேனுக்கு நிமிசத்துக்கு நாலு மினுக்கு. எல்.ஈ.டி. பல்புக்கு ரெண்டு நிமிசத்துக்கு ஒண்ணுதான். ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓடும்போது எட்டு. வீட்டு போர் மோட்டாரைப் போட்டேன், ஐம்பத்தி மூணு. நாடி துடிக்கிற மாதிரி விடாமல் மினுக்குது. ஐம்பத்தி மூணை அறுபதால் பெருக்கி 3,200-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட ஒண்ணு. அதாவது ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். எங்கம்மா திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, அந்தப் பொட்டிகிட்ட என்ன பேசிக்கிட்டிருக்கற?" என்று கேட்டார்கள்.

ஒரு எச்.பி. மோட்டார் மணிக்கு ஒரு யூனிட் இழுப்பது நியாயம்தான். எத்தனை மணி நேரம் ஓடுது என்பதுதான் கேள்வி. மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க். மோட்டார் மாட்டின புதிதில் நாற்பது நிமிசத்துக்குள் நிறைந்து வழியும். காலையில் என் வீட்டுக்காரி போடுவாள், சாயங்காலம் அம்மா போடுவார்கள். வழிகிற சத்தம் கேட்டதும் யார் கிட்டத்தில் இருக்கிறார்களோ அவர்கள் அணைப்பார்கள். நேரம் யாரும் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். ஒரு மணி முப்பத்தஞ்சு நிமிசம். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை என்றால் மூணு மணி நேரத்துக்கு மேல்.

போரில் தண்ணி கம்மியாயிடுச்சு என்று நினைத்து ரெண்டு நாள் கவலைப்பட்டேன். டேங்கில் விழுகிற குழாயைப் பார்த்தால் தண்ணி முக்கால் குழாய் கூட வரவில்லை. ஆனால் போர் வாயில் காதை வைத்தால் மோட்டார் நன்றாகத்தான் இழுக்குது. அப்புறம்தான் பொடக்காலிக்குப் போகிற வழியில் இருக்கிற தென்னையைப் பார்த்தேன். காங்கயம் பக்கம் சித்திரை வெயில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை, கொரங்காடு முழுக்கக் கொழுக்கட்டைப்புல் காய்ந்து சருகாகக் கிடக்கும். இந்தத் தென்னை அடியில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குக் கோரை பச்சைப் பசேல் என்று நிற்குது. மரமும் குலை குலையாகக் காய்த்திருக்குது. அந்த வருசம் வந்தவர்களிடமெல்லாம், "இதுக்கு உரமே வெக்கறதில்லைங்க, ராசியான மரம்" என்று நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். தோண்டிப் பார்த்தால் ரெண்டடி ஆழத்தில் பி.வி.சி. குழாய் ஜாயின்ட் விட்டுப்போய் மரத்து வேர் உள்ளேயே போயிருக்குது. போர் தண்ணியில் பாதியை அது குடித்திருக்குது.

குழாய், சொல்யூஷன், ஆள் கூலி எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குள் வேலை முடிந்தது. மறுநாள் டேங்க் முப்பத்தெட்டு நிமிசத்தில் நிறைந்தது. ஒரு நாளைக்கு ரெண்டு யூனிட்டுக்குப் பக்கம் மிச்சம். தென்னை அடுத்த வருசம் குரும்பை உதிர்த்தது, அது வேற கதை.

மத்ததெல்லாம் சில்லறை. ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர் கிழிந்திருந்தது. ஒரு ரூபா நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் மாத்தினோம். அம்மா ரூமில் ஃபேன் பகலும் ராத்திரியும் ஓடும், அதனால் அங்கே மட்டும் புது மாதிரி பி.எல்.டி.சி. ஃபேன் போட்டோம். பழசு 75 வாட்ஸ், இது 30-க்குள். விலை கூடத்தான், ஆனால் இருபது மணி நேரம் ஓடுகிற இடத்தில் போட்டால் காசு திரும்பும். நாலு மணி நேரம் ஓடுகிற ரூமுக்கு அவசரமில்லை. செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்தால் அது அணைகிறதில்லை, சுவிட்சில்தான் அணைக்கவேண்டும். ஜூலையில் ரீடிங் எடுத்தபோது 318 யூனிட், 756 ரூபாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. சொசைட்டியில் கேன் வைத்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கெல்லாம் மினுக்கு எண்ணுகிற வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன்.

இந்த மிதப்பில்தான் கேசில் கை வைத்தேன்.

அப்போது சிலிண்டர் ஆயிரத்து நூறு ரூபாய்க்கு மேல். எங்களுக்கு முப்பத்தெட்டு, நாற்பது நாள் வரும். கேசுக்கு மீட்டர் கிடையாது, ஆனால் தராசு இருக்கே. கடலை மூட்டை எடை போடுகிற கொக்கித் தராசை விட்டத்தில் மாட்டினேன். சிலிண்டர் கழுத்து வளையத்தில் காலி எடை அடித்திருப்பார்கள். எங்களுக்கு வந்ததில் 15.4 கிலோ. அதோடு கேஸ் 14.2 கிலோ, ஆக முழுசாக 29.6 இருக்கவேண்டும். சரியாக இருந்தது. சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் கேட்டால் அவரே எடை போட்டுக் காட்டுவார், நாம்தான் கேட்பதில்லை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டு, நிமிர்த்தி வைத்தபடியே தூக்கி எடை பார்த்து நோட்டில் எழுதுவேன். நோட்டின் பின்பக்கத்தில் இருந்து கேஸ் கணக்கு.

முதல் வாரம் 2.6 கிலோ போயிருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது என் நச்சு. அடுப்படிக்குள் அதுவரைக்கும் சோத்து நேரத்துக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தவன், போகிறபோதும் வருகிறபோதும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். "மூடி போட்டு வேக வெய்." "பருப்பை ஊற வெச்சியா?" "கொதி வந்துருச்சுல்ல, தீயைக் கம்மி பண்ணு." "ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பாலை அப்படியே அடுப்புல வெக்காத." சொன்னதில் எதுவும் தப்பில்லை. போசி அடியில் கரி பிடித்துக்கொண்டிருந்தது, தீ மஞ்சளாக எரிந்தது. பர்னரைக் கழற்றி ஊசியால் ஓட்டையெல்லாம் குத்திச் சுத்தம் பண்ணி மாட்டினதும் நீலமாக எரிய ஆரம்பித்தது. ரெண்டாவது வாரம் 2.4. மூணாவது வாரம் 2.3. என்னால் முடிந்த வித்தை எல்லாம் அதோடு தீர்ந்துபோனது.

நாலாவது வாரம் 1.6.

அடுத்த வாரம் 1.1. அதுக்கடுத்தது 0.9.

2.3-லிருந்து 1.6-க்கு எப்படி இறங்கினது என்று எனக்குக் கேட்கவே தோன்றவில்லை. கரண்டில் ரெண்டு யூனிட் எங்கே போகுது என்று பத்து நாள் மண்ணைத் தோண்டினவன், இங்கே முக்கால் கிலோ கேஸ் ஒரே வாரத்தில் குறைந்ததுக்குத் தராசைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏறினால்தான் காரணம் தேடுகிறோம். இறங்கினால், நம்ம திறமை என்று எடுத்துக்கொள்கிறோம். "பாத்தியா புள்ள, சொன்னபடி செஞ்சா எப்படி இறங்குதுன்னு" என்று அவளிடமே சொன்னேன். அவள் ஒண்ணும் சொல்லவில்லை, சிரித்தாள்.

ஆடி பிறந்தது. எங்கள் பக்கம் ஆடிக் காத்து என்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காத்து. தாராபுரம் ரோட்டில் காத்தாலை இறக்கையெல்லாம் அப்போதுதான் மும்முரமாகச் சுத்தும். புழுதி பறக்கும், எல்லோருக்கும் கொஞ்சம் தொண்டை கட்டும். இவளுக்கு இருமல் பிடித்தது. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து இருமுவாள். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. கசாயம் வைத்துக் குடித்தாள், கேட்கவில்லை. பத்து நாளாகியும் நிற்காததால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே, "வீட்டுல வெறகு அடுப்பாங்கம்மா?" என்றுதான். அவள் வாயைத் திறக்கிறதுக்கு முந்தி நான், "இல்லீங்க, கேஸ்தானுங்க. அதும் எங்க வீட்டுல ரொம்பக் கம்மியாத்தான் எரிக்கறமுங்க" என்று சொன்னேன். நோட்டுக் கணக்கைக் கூட எடுத்துச் சொல்லியிருப்பேன், வெளியே கூட்டம் நின்றதால் விட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொடுத்து, புகை, தூசி பக்கம் போகவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆடி நோம்பி முடிந்து ஒரு வாரம் இருக்கும். காட்டில் சோளத்தட்டு அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தோம், கயிறு பத்தவில்லை. வழக்கமாகப் பன்னெண்டு மணிக்கு முந்தி நான் சாளைக்கு வருவதில்லை. அன்றைக்குப் பத்து மணி வாக்கில் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். கட்டுத்தரைக்குப் பின்னால் இருந்து புகை வந்துகொண்டிருந்தது. தட்டுப்போர் பத்திக்கொண்டதோ என்று பதறிக்கொண்டு ஓடினேன்.

மூணு கல் கூட்டி அண்டாவில் தண்ணி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு மூணு கல்லில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது. காத்துக்கு அணைந்துபோகாமல் இருக்கப் பழைய தார்ப்பாயை மூணு பக்கமும் கட்டி மறைத்திருந்தாள். அதனால் புகை வெளியே போகாமல் உள்ளேயே சுத்தியது. பருத்தி மாறு, வேலி முள்ளுக் குச்சி, தென்னம்பாளை எல்லாம் குவிந்து கிடந்தது. தார்ப்பாய்க்குள் தலையை விட்டு ஊதாங்குழலில் ஊதிக்கொண்டிருந்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பேச முடியவில்லை.

"என்ன புள்ள இது? கேஸ் இல்லியா?"

"இருக்குதுங்க."

"அப்புறம்?"

முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "ஞாயித்துக்கெழமை தராசுல தூக்கிப் பாக்கறீங்கல்ல. கம்மியாச்சுன்னா அன்னிக்கி முச்சூடும் நல்லாப் பேசறீங்க. ஏறுச்சுன்னா மூஞ்சி சுண்டிப்போவுது. எதுக்குங்க வம்புன்னுதான்."

கத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. மழை வருமா என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

எங்கம்மா நாற்பது வருசம் விறகு அடுப்பில் வெந்தவர்கள். சமையல்கட்டு ஓட்டில் கரி தொங்கும். 2007 வாக்கில் ஊரில் இலவச கேஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பித்த சமயத்தில், நாங்கள் காசு கட்டிக் கனெக்சன் எடுத்தோம். அன்றைக்கு அம்மா, "இனி மருமவ கண்ணாச்சும் நல்லாருக்கட்டும்" என்று சொன்னது எனக்கு ஞாபகம் இருக்குது. அதே மருமகளை நான் ஒரு தராசை வைத்துத் திரும்பவும் மூணு கல்லுக்கு அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்குது. கேட்டதுக்கு, "நீ சந்தோசமா எழுதிக்கிட்டிருந்த சாமி, அவ சொல்லாதீங்கத்தேன்னுட்டா" என்று முடித்துக்கொண்டார்கள்.

கயிறை எடுத்துக்கொண்டு காட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. தார்ப்பாயை அவிழ்த்தேன். அந்த மாசக் கடைசியில் சிலிண்டருக்கு 200 ரூபாய் குறைத்தார்கள். நான் விறகில் மிச்சம் பிடித்ததாக நினைத்தது அதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும்.

நோட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள்தான், "எதுக்குங்க கிழிக்கறீங்க, இங்க குடுங்க, நான் எழுதறேன்" என்று வாங்கிக்கொண்டாள். எட்டாவது வரைக்கும் படித்தவள், கையெழுத்து என்னைவிட நன்றாக இருக்கும். எடை பார்ப்பதை விட்டுவிட்டாள். அதுக்குப் பதிலாக, அடுப்பில் எதை வைத்தாலும் ஒரு கோடு. சோறு, குழம்பு, பால், டீ, தண்ணி என்று தனித்தனியாக. பத்து நாள் எழுதிவிட்டு ஒரு ராத்திரி என்னிடம் நீட்டினாள்.

தண்ணி என்கிற இடத்தில் ஒரு நாளைக்கு மூணு கோடு. எனக்கு ஒரு பக்கெட், அம்மாவுக்கு ஒரு பக்கெட், ஊற வைக்கிற துணிக்கும் பாத்திரத்துக்கும் சேர்த்து ஒண்ணு. ஒரு பக்கெட் 15 லிட்டர் தண்ணியைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர அறுபது கிராம் கேசுக்குப் பக்கம் ஆகும். மூணு பக்கெட், ஏழு நாள் என்று போட்டால் ஒண்ணேகால் கிலோ. வாரத்துக்கு 2.6 கிலோ போனதில் கிட்டத்தட்ட பாதி, வெறும் வெந்நீர். நான் பருப்புப் போசிக்கு மூடி போடச் சொல்லிக்கொண்டிருந்தேன், மூடியே இல்லாத அண்டாவில் எனக்கு வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. டீ என்கிற இடத்தில் அஞ்சு கோடு. அதில் மூணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் "அவுங்க" என்று எழுதியிருந்தாள்.

எங்கப்பா 80-களில் கட்டின சாண கேஸ் குழி இன்னும் கட்டுத்தரை ஓரத்தில் இருக்குது, அதன் மேல் இருந்த இரும்பு டிரம் துருப்பிடித்துப்போய் வருசம் ஆச்சு. அதை எழுப்பலாமா என்று விசாரித்தேன். ரெண்டு கனமீட்டர் குழிக்குத் தினம் ஐம்பது கிலோ சாணி வேணும். அப்பா காலத்தில் எருது, மாடு, கன்று என்று எட்டு உருப்படி நின்றது. இப்போது ரெண்டு மாடு, இருபது கிலோ தேறினால் பெரிசு. அது ஆகாது.

வெந்நீருக்கு வழி தோட்டத்திலேயே இருந்தது. தக்காளிக்குப் போட வாங்கி மிச்சமான சொட்டுநீர்க் குழாய், கருப்பு லேட்டரல், 16 எம்.எம்., ஓட்டை போடாதது, 200 மீட்டர் இருந்தது. மொட்டை மாடியில் பாம்பு சுத்தின மாதிரி வட்டமாகச் சுத்தி, ஒரு முனையை டேங்கிலும் இன்னொரு முனையைப் பொடக்காலிக் குழாயிலும் மாட்டினேன். நூறு மீட்டருக்கு 15 லிட்டர் பிடிக்கும், ஆக ரெண்டு பக்கெட். மத்தியானம் ஒரு மணிக்குத் திறந்தால் கை வைக்க முடியாது. முதல் நாள் அம்மா தெரியாமல் கையை நீட்டிவிட்டு, "அடப் பாவி, சுட்டுப்போட்டியே" என்று கத்தினார்கள். ஒரு வாரம் வரைக்கும் தண்ணியில் பிளாஸ்டிக் வாசம் அடித்தது, அப்புறம் போய்விட்டது. குடிக்க, சமைக்க அதை எடுப்பதில்லை. இதில் ஒரு சங்கடம், காலையில் பச்சைத்தண்ணியாகத்தான் இருக்கும், வெந்நீர் பத்து மணிக்கு மேல் சாயங்காலம் வரைக்கும்தான். அம்மா குளிப்பதை மூணு மணிக்கு மாத்திக்கொண்டார்கள். நான் காட்டில் இருந்து வந்ததும் சாயங்காலம் குளிக்கிறேன். காலையில் குளித்தால் பச்சைத்தண்ணி.

கார்த்திகை, மார்கழியில் வெயில் ஏறாத நாளில் அம்மாவுக்கு மட்டும் கேசில் ஒரு பக்கெட் காய வைப்போம். அதுக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை.

இப்போது சிலிண்டர் ஐம்பத்தஞ்சு, அறுபது நாள் வருது. 0.9 கிலோ எழுதின அந்த வாரத்துக் கணக்குப்படி பார்த்தால் நூறு நாளைத் தாண்டியிருக்கவேண்டும், அது பொய்க் கணக்கு. அந்த மூணு வாரத்து எடைக்கு மேல் நான் பேனாவால் அடித்து வைத்திருக்கிறேன். கரண்டு 260, 270 யூனிட்டில் நிற்குது. 2024 ஜூலையில் ரேட்டு இன்னும் கொஞ்சம் ஏறினது, ஆனாலும் ஐந்நூறு பக்கம் திரும்பப் போகவில்லை.

இருமல் புரட்டாசிக்கு நின்றது. ஆனால் அதுக்கப்புறம் வந்த ஆடியிலும் ஒரு வாரம் எட்டிப் பார்த்தது. அந்த வருசமும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டார்கள். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அவளே, "போன வருசம் ஒரு மூணு வாரம் வெறகுல ஆக்குனனுங்க" என்று சொன்னாள். டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நாற்பது பக்க நோட்டு தீர்ந்து இப்போது எண்பது பக்க நோட்டு ஓடுது. முன்பக்கம் மீட்டர் என் கையெழுத்து, பின்பக்கம் அடுப்பு அவள் கையெழுத்து. நேற்று ராத்திரி மீட்டரை எழுதிவிட்டுப் பின்பக்கம் புரட்டினேன். டீ, நாலு கோடு. "அவுங்க" ரெண்டு.